லத்தேரி தாண்டினால்

ஒரு மாதச் சம்பளத்தில் பாதி.
ஜெமிமாவிடம் சொன்ன விலை அதிலும் பாதி.
சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிது,
முகத்தில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும்,
யாராவது பேசினால் நிற்கும்.

கழிஞ்சூரில் மொட்டை மாடியில் நான் நட்ட குச்சியை
வீட்டுக்காரர் தணிகாசலம் அண்ணாந்து பார்த்தார்.
"எத்தனை சேனல் வரும்?"
"ஐந்நூறு."
எதிலும் படம் வராது என்பதைச் சொல்லவில்லை.
அடுத்த மாதம் கரன்டுக்கு
யூனிட்டுக்கு ஒரு ரூபாய் ஏற்றினார்.

ராணிப்பேட்டையில் பகலெல்லாம்
ஷூவின் அடிப்பாகத்தை வளைத்துப் பார்க்கிற வேலை.
இரவில் இது.
பெங்களூருக்கு இறங்கத் தொடங்கும் விமானம் ஒன்று
தலைக்கு மேலே எண்களை ஒப்பிக்கும்.
போலீஸ் டிஜிட்டலுக்குப் போய்ப் பூட்டிக்கொண்டது:
தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுகிற சத்தம்.
பூட்டட்டும். எனக்கு அங்கே வேலை இல்லை.

டிஜிட்டல் குரல்
இருந்தால் பக்கத்து அறையில் இருக்கும்,
இல்லையென்றால் இல்லவே இல்லை.
ரயில்வே மட்டும் இன்னும் பழசு.
மெல்ல மெல்ல மணலாகித்தான் போகும்.

ஒன்று பத்துக்கு ஒரு சரக்கு வண்டி.
பேசுமுன் ஒருமுறை தொண்டையைச் செருமுவார்
அதன் கார்டு.
"ஆல் ரைட் சாமி, எடுங்க."
சேவூரில் சிவப்பு விழுந்தால் பேச்சு நீளும்:
மூட்டுவலிக்கு முடக்கத்தான்,
பிரேக் வேனில் மூன்று வாரமாக எரியாத விளக்கு,
மகளுக்குக் கணக்கில் முப்பத்தாறு.
"பாஸ்தானய்யா" என்பார் டிரைவர்.
"பாஸ்தான்."
அந்தத் 'தானில்'
ஒரு முழு வீடும் முகத்தைத் திருப்பிக்கொண்டு
உட்கார்ந்திருந்தது.

பரீட்சை எழுதி வாங்கிய என் உரிமத்தில்
இந்த அலைவரிசை இல்லை.
ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒற்றைக் காதில் இயர்போன்.
இந்தக் கருவியில் கேட்கலாம்,
கேட்க முடியாது.
"முட்டி எப்படி இருக்கு?" என்று ஒருநாள்
அதன் திரையிடம் கேட்டுவிட்டேன்.
ஜெமிமா புரண்டு படுத்தாள்.

ஆவணியில் ஒரு செவ்வாய்,
செருமல் இல்லாமல் வந்தது 'ஆல் ரைட்'.
இளங்குரல். ஓரத்தில் கொஞ்சம் மலையாளம்.
லீவாக இருக்கும் என்று பத்து நாள்.
முட்டியாக இருக்கும் என்று இன்னும் பத்து.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடி ஜங்ஷனுக்குப் போனேன்,
பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு.
வெள்ளைச் சட்டையில் மூன்று கார்டுகள்
டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.
என்னவென்று விசாரிப்பது?
பெயர் தெரியாது, முகம் தெரியாது,
மகளின் மார்க் தெரியும்.
ஒட்டுக்கேட்டவனுக்கு
எந்த வாயால் கேட்பதென்று தெரியவில்லை.
ஒருவர் செருமினார். அவர் இல்லை.
இரண்டு மணி நேரம் செல்லும் சீட்டு,
இருபது நிமிடத்தில் வெளியே வந்தேன்.

நேற்று அந்த இளங்குரலே கேட்டது:
"எனக்கு முன்னாடி இருந்தவர் எங்க சார்?"
வண்டி லத்தேரியைத் தாண்டிக்கொண்டிருந்தது.
"அவரா? அவரு போன மாசம்"

மணல்.

எண்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

இந்தப் பாஷையில் வினை கடைசியில்தான் வரும்.
அதற்குள் ஒரு வண்டியே போய்விடுகிறது.
ரிட்டயர் ஆனாரு.
ஜோலார்பேட்டைக்கு மாத்திக்கிட்டாரு.
பொண்ணைக் காலேஜில சேர்க்கணும்னு லீவு போட்டவரு, இன்னும் வரல.
இன்னொன்றும் பொருந்தும்,
அது நாக்குக்கு வருமுன்
ஸ்கேன் பொத்தானை அழுத்திவிடுகிறேன்.

காலையில் மாடியேறி
குச்சியோடு ஒரு பழைய பைப்பைச் சேர்த்துக் கட்டி
நாலடி உயர்த்தினேன்.
கீழேயிருந்து தணிகாசலம்:
"இப்ப எத்தனை வரும்?"
"ஒரு வார்த்தை" என்றேன்.
குழாயடியில் தண்ணீர் விட்டிருந்தார்கள்,
அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.