மேசைக்கு ஒரு கரை

நாலு பேர் உட்காரலாம் என்றுதான் விற்றான்
கோயம்புத்தூர்க்காரன்.
எந்த நாலு பேர் என்று சொல்லவில்லை.
இழுவை வண்டியின் உள்ளகலம்
ஐந்தே முக்கால் அடி.
இரண்டு பலகை இருக்கை, நடுவில் மேசை,
மேசைக்கு ஒற்றைக் கால்,
அந்தக் காலுக்கு என் முழங்காலோடு
என்ன பகையோ.

தனிஸ்லாசுக்கு வலது கால் மடங்காது.
பார்த்திபனூர் விலக்கில்
ஒரு லாரி எடுத்துக்கொண்ட மடிப்பு அது.
உள்ளே இருக்கிற கம்பிக்கு
மழை வருவது முன்கூட்டியே தெரியும்,
மேசை வருவது தெரியாது.

முதல் வாரம் கீழக்கரையில்
தட்டை மடியில் வைத்துத் தின்றோம்.
இரண்டாம் வாரம் ஏர்வாடி தாண்டி
பேசாமல் தின்றோம்.
"எதிரெதிரே வேண்டாம்,
ஒரே பக்கம் உட்கார்ந்து கடலைப் பார்ப்போம்" என்றார்.
"முப்பது வருஷம் பஸ் ஓட்டி
முன்கண்ணாடியைப் பார்த்தது போதாதா,
என் மூஞ்சியைப் பாருங்கள்" என்றேன்.

மண்டபத்தில் வள்ளங்களுக்கு ஃபைபர் ஒட்டுகிற
நாகூர்கனி வந்து எட்டிப் பார்த்தார்.
டேப்பை இழுத்தார், விட்டார், சிரித்தார்.
"இது பிளைவுட்டு இல்லம்மா,
அழுத்தின தூளு.
இந்தக் காத்துல பிஸ்கட்டு மாதிரி ஊறிப்போகும்.
கீலு இரும்பு. அதுக்கு மூணு மாசம்."

அறுத்தார்.
மேசையில் அரையடி போனது, ஒற்றைக் கால் போனது.
சன்னலுக்குக் கீழே சட்டம், பித்தளைக் கீல்,
மடித்து வைக்கிற தாங்கு.
அவர் இருக்கையின் அடியிலிருந்து
ஒரு பலகை வாசல் பக்கமாக நீண்டு வந்தது,
சரியாக ஒரு கால் நீளம்.
அந்தக் காலையே வைத்துத்தான் அளந்தார்.
பென்சில் கோடு
குதிகாலில் இரண்டு நாள் இருந்தது.

பிசின் நாற்றம் தாங்காமல் அன்றிரவு
எல்லாச் சன்னலையும் திறந்து படுத்தோம்.
பாம்பன் பாலத்தில் ரயில்
தண்ணீரை எழுப்பிவிடாமல் போனது.

பஞ்சு வேறு கதை.
ராமநாதபுரம் கடையில் பச்சை ரெக்சின் காட்டினான்.
தொட்டேன், பஸ் சீட்டு.
அவர் அதையே கேட்டார்.
நான் துணி எடுத்தேன்,
மணலும் உப்பும் தெரியாத சாம்பல் நிறத்தில்.
படுக்கையாக விரித்தால்
இரண்டு நாட்டுக்கும் எல்லை தெரிகிறது.

மூக்கையூரில்தான் அது நடந்தது.
வண்டி மணலில் வாசல் பக்கம் சாய்ந்து நின்றது
எங்களுக்குத் தெரியவில்லை.
புது மேசை, முதல் சாப்பாடு, விளமீன் குழம்பு.
வைத்த டம்ளர் மெல்ல நகர்ந்தது,
வெளியே யாரோ கூப்பிட்டது போல.
பின்னாலேயே குழம்புச் சட்டி.
கை போவதற்குள்
நீட்டிய காலில் விழுந்தது அத்தனை சூடும்.

கத்தவில்லை அவர்.
"கம்பிக்குச் சுடாது" என்றார்.
சுட்டது. மறுநாள் கொப்புளம்.
ஆனால் சொன்ன நொடியில்
கண்ணோரம் ஒன்று சுருங்கியதே,
எதிரே உட்கார்ந்திருந்ததால்தான் பார்த்தேன்.

நாகூர்கனிக்குப் போன் போட்டேன்.
"வள்ளத்துக்கு விளிம்பு வைக்கிறீங்களே,
மேசைக்கு வைக்கக்கூடாதா?"
கொஞ்ச நேரம் அவர் பக்கத்து அலை கேட்டது.
"நீங்க சொல்லலையேம்மா.
வீட்டு மேசைன்னு நெனச்சுட்டேன்."

இப்போது மூன்று பக்கமும்
விரல் தடிமனில் ஒரு கரை.
நாலாவது பக்கம் சன்னல்.
எங்கே நிறுத்தினாலும் முதலில்
டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்க்கிறோம்.
சக்கரத்துக்கு அடியில் பலகை, பவளக்கல்,
ஒருமுறை அவருடைய பழைய செருப்பு.
தண்ணீர் நேராகும்வரை சோறு கிடையாது.

தேவிபட்டினத்தில் உட்கார்ந்து
இதை எழுதுகிறபோதும்
கரை மணிக்கட்டை அழுத்துகிறது.
அடுத்த தடவை மண்டபம் போகையில்
ஒரு கையளவு வெட்டிவிடச் சொல்ல வேண்டும்.
வெட்டினால் டம்ளர் அந்த வழியாக இறங்கும் என்கிறார்.
இறங்கட்டும்.
பிடிக்க எதிரே ஆள் இருக்கிறது.