கையும் களவும்

இருபத்திரண்டடி உயரம்.
பைபர்கிளாஸ் உடம்பு, சிவப்புக் கட்டம்போட்ட சட்டை,
எதற்கோ சிரிக்க ஆரம்பித்துப்
பாதியில் நிறுத்திய மாதிரி வாய்.
டயர் கடை வாசலில் நிற்கும் அவனுக்கு
வெர்லின் ஸ்டாடர்ட் வைத்த பெயர் லைல்.
ஏன் லைல் என்று கேட்டால்
பக்கத்திலிருக்கும் டயரை ஓங்கித் தட்டுவாள்.
நான் அவள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன்.
இரண்டாம் தரம் கேட்டதில்லை.

வாணலிக்குக் கைப்பிடி போல நீளும் வட டெக்சஸ்.
அறுபத்தாறாம் எண் சாலை இங்கே
கடைசியாக எப்போது நெரிசலாக இருந்தது என்பதற்கு
ட்ரைவெல்லில் ஆளுக்கொரு கணக்கு.
நாலு வழிப் புதுச்சாலை
வடக்கே ஒரு மைல் தள்ளிப் போய்விட்டது.
காற்று திரும்பும் இரவுகளில்
லாரிச் சத்தம் மட்டும் வந்து போகும்.
மூடிய மோட்டல். மூடிய பெட்ரோல் பங்க்.
கண் மூடாத லைல்.

அவனுக்காகத்தான் வருவார்கள்,
ஜெர்மனியிலிருந்து மோட்டார் சைக்கிள்களில்,
ஒஹாயோவிலிருந்து வீட்டையே பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு.
ஏணி கேட்டு வாங்கிய ஒருத்தி
தன் விவாகரத்துத் தாளை அவன் விரலிடுக்கில் செருகி
படம் எடுத்துக்கொண்டாள்.
வெர்லின் எதற்கும் காசு கேட்பதில்லை.
குளிர்பானம் மட்டும் ஒன்றரை டாலர்.

மார்ச்சில் புழுதிக்காற்று அடித்த ராத்திரி
வலது கை போனது.
மணிக்கட்டில் ரம்பம் ஓடிய சுத்தமான வட்டம்,
வட்டத்துக்குள் இருட்டு.
மத்தியானத்துக்குள் ஒரு குருவி
வைக்கோலுடன் வந்து உள்ளே போனது.

ஷெரீப் ஆபீஸிலிருந்து வந்த ட்வைட்
நோட்டைத் திறந்தான்.
"காணாமல் போனது?"
"கை."
"யாருடைய கை?"
"ஆறு வயசில் ஏறி உட்கார்ந்துகொண்டு
இறங்கத் தெரியாமல் அழுதாயே, அந்தக் கை."
எழுதிக்கொண்டான். காது சிவந்திருந்தது.

பதினோரு மாதம்.
டயர் வெடித்து நின்ற பெல்ஜியம்காரர் ஒருவர்
போனில் படம் காட்டினார்:
நூற்றுப்பன்னிரண்டு மைல் மேற்கே, நியூ மெக்சிகோவில்,
எண்ணெய் பீப்பாய் மேல், விரல்கள் வானம் பார்க்க.
உலகின் ஐந்தாவது பெரிய கை.
பார்வையிட இரண்டு டாலர்.

"ஐந்தாவதா?" என்றாள் வெர்லின்.
அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

லாரியை நான் ஓட்டினேன்.
மடியில் கருவிப்பெட்டி,
வழி முழுக்க அதன் கொக்கியைத் திறந்து திறந்து மூடினாள்.
கடப்பாரை என்று நினைத்தேன்.

யூசேபியோ லூசெரோ, காபிக் கடை நொடித்தவர்,
சந்தையில் இரண்டு பையன்களிடம்
நாற்பது டாலருக்கு வாங்கினாராம்.
கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர்
எங்களுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.
வெர்லின் உட்காரவில்லை.
கட்டைவிரல் அடியில் குளவிக்கூட்டு ஓட்டையை
அவளே பட்டி வைத்து அடைத்த தடம்
அப்படியே இருந்தது.
எங்களுக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர்,
தொப்பியைக் கழற்றிவிட்டு
தன் உள்ளங்கையை அந்த உள்ளங்கையில் வைத்து
கொடுத்த இரண்டு டாலர் தீரும்வரை நின்றார்.

அவர் போன பிறகு பெட்டி திறந்தது.
கடப்பாரையும் இருந்தது.
அதன் அடியில், லைலின் தோல் நிறத்தில்
அவள் கலந்து வைத்த பெயின்ட் டப்பா.
"வெயிலில் இப்படியா நிறுத்துவது? நகத்தைப் பாரும்,"
என்று யூசேபியோவைத் திட்டிக்கொண்டே
ஒவ்வொரு விரலாகப் பூசினாள்.
அவர் டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.
திரும்பும்போது இருட்டிவிட்டது.
வாசலில் நாலு டாலர் கொடுத்திருந்தோம்,
அதை அவரும் திருப்பித் தரவில்லை.

இப்போது எங்கள் பலகை:
வலது கை, மேற்கே 112 மைல்.
அவருடையது:
மீதி ஆள், கிழக்கே 112 மைல்.
இரண்டு பக்கமும் பெட்ரோல் செலவழித்து
ஜனங்கள் போய்வருகிறார்கள்.
மணிக்கட்டில் குருவி இரண்டாம் தரம் முட்டையிட்டிருக்கிறது.
வலை அடிக்கச் சொன்னாள், நான் இன்னும் அடிக்கவில்லை.

நாங்கள் திரும்பிய மறுநாளே
வழக்கை முடிக்க நேரில் போனான் ட்வைட்.
நோட்டில் இரண்டு டாலர் ரசீது ஒட்டியிருக்கிறது.
அறிக்கை எதுவும் எழுதவில்லை.
பெயின்ட் காயவில்லை என்று
யூசேபியோ சொல்லியிருப்பார்,
சீருடைக் கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க
லைலின் நிறம்.