பங்கு பிரித்த நாள்

படகு விற்ற காசை ஐந்தாகப் பிரிக்கத்
திருக்கடலூர்க் கரையில் கூடினோம்.
கூழுக்கு அண்டா எடுத்தது நான்.
சனசமூக நிலையத்துச் சாமான்,
விளிம்பில் மஞ்சள் பெயின்ரில் ஏழாம் இலக்கம்.

ஒடியல் மாவை விடியவே ஊறப்போட்டேன்.
மூன்று தரம் வடித்தும்
நாக்கில் வைத்தால் மெல்லக் கயர்த்தது.
"கொஞ்சம் கயர்க்கட்டும், பரவாயில்லை"
என்றான் அருமைத்துரை,
றெஜினோல்ட்டின் முகம் பாராமல்.

பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய்.
கிள்ளி எறிந்த காம்புகளுக்கு
ஒரு மான் வந்து நின்றது,
கடைத்தெருவில் திரிகிற நொண்டி மான்.
பிறகு நண்டு, திரளித் தலை.
கணவாயை முந்திப் போட்டுவிட்டேன் என்று
நாலு வாயாலும் எனக்கு ஏச்சு.
செத்தல் மிளகாய்க் கூட்டும் புளியும் விழ
மாவைக் கரைத்து ஊற்றினேன்.
அகப்பை கனத்துக்கொண்டே வந்தது.

என்ஜின் யாரால் பழுதானது என்ற கதை
மூன்றாம் முறை எழும்பிய நேரம்
அடிப்பிடித்த மணம்.
"கிண்டுங்கோவன்!" என்று கத்தினேன்.
ஒரே காம்பை இரண்டு பேரும்
எட்டிப் பிடித்தார்கள்.
கூழ் தடித்துவிட்டிருந்தது,
விட்டுக் கொடுக்க நேரமில்லை.

காசு சதம் பிசகாமல் பிரிந்தது.
நண்டு பிரியவில்லை:
அருமைத்துரையின் பிளாவில் இரண்டு கொடுக்கு,
றெஜினோல்ட்டுக்கு வெறும் ஓடு.
அதற்கும் ஒரு சண்டை, மூக்கு வடிய வடிய.

அண்டா வாடகை முந்நூறு
யார் கணக்கிலும் வரவில்லை.
இருட்டில் மணல் போட்டுத் தேய்க்கிறேன்.
அடியில் கருகினதைச் சுரண்டி
மானுக்கு வைத்தேன்.
மணந்து பார்த்துவிட்டு
அது நடந்தது, கடைத்தெருப் பக்கமாய்.