பக்கத் தகடு

ஓவ்லுவில் மைனஸ் இருபத்திரண்டு.
கதவைத் திறந்ததுமே வெய்க்கோ
ஐம்பது யூரோ குறைத்தான்.
நான் இன்னும் கையுறைகூடக் கழற்றவில்லை.

கோட்டுப் பையில் என் பட்டியல்:
மதர்போர்டு, ராம், பவர் சப்ளை...
மூன்று மாதமாக அடித்து அடித்துத் திருத்தி
ஒரு திருகாணிகூட வாங்காத பட்டியல்.

“விளையாடிப் பார்” என்றான்.
ஸ்க்ரூடிரைவர் கேட்டேன்.

பக்கத் தகட்டைக் கழற்றினால்
கிராபிக்ஸ் கார்டு விசிறியில்
செம்பட்டைப் பூனைமுடி.
தூசு, ஒரு விரற்கடை.
ஒயர்கள் மட்டும்
எண்ணெய் தடவிப் பின்னிய சடைபோல.

“யார் அசெம்பிள் செய்தது?”
“ரீக்கா.
போய்விட்டாள். பூனையும்.”

பேரம் பேச நாக்கு எழவில்லை.

இப்போது பஸ்ஸில்
மடியில் கனக்கிறது பெட்டி.
குலுங்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று
கிணுகிணுக்கிறது.
பட்டியலைக் கிழிக்கப் போய்
அதன் முதுகில் எழுதுகிறேன்:
ரீக்காவின் நம்பரை
வாங்கியிருக்க வேண்டும்.