எழுதியவர் என்ற கோட்டுக்கு மேல்

ஆடியில் கல்யாணம் கிடையாது.
கரண்ட் பில்லைக் கட்டினால் போதும் என்று
மண்டபத்தைத் தந்துவிட்டார் முதலாளி.
மேடையில் வைகாசி முகூர்த்தத்தின் ஜிகினாத் தூள்
இன்னும் போகவில்லை.
உட்கார்ந்து பாடி எழுந்து போகிறவர்கள்
பின்பக்கம் மின்னுகிறார்கள்.

இரண்டாம் சனிக்கிழமை, ஏழு மணி.
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
சொந்தப் பாட்டு மட்டும்.
சினிமா மெட்டு வந்தால்
மைக்கை அணைத்துவிடு என்று எனக்கு உத்தரவு.
அணைத்ததில்லை.
அந்த நேரம் பார்த்து
ஒயரில் ஏதோ கோளாறு தேடுவேன்.

நீடாமங்கலம் கேட் அடைத்திருந்ததால்
முதலில் பாட வேண்டிய மதியரசன்
இரண்டாவதாகத்தான் வந்தார்.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்.
ஈரப்பதம் பார்க்கும் மெஷினுக்குப் பாட்டுக் கட்டியிருந்தார்.
பதினேழு காட்டு கண்ணே,
பத்தொன்பது காட்டாதே, என்று
கொஞ்சி, கெஞ்சி, கடைசியில் வண்டை வண்டையாய்த் திட்டி.
மூன்றாம் வரிசையில் பில் போடுகிற கிளார்க் சிரித்தார்.
சிரித்ததை யார் பார்த்தது என்று
திரும்பிப் பார்த்தார்.

ஆம்புலன்ஸ் ஓட்டும் ஆரோக்கியதாஸ்
தஞ்சாவூர் வரை உள்ள வேகத்தடைகளை
ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஒரு பாட்டு.
பதினொன்றாவது தடையில் போன் அடித்தது.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினார்.
மீதிப் பாட்டு அடுத்த மாதம்.

அப்புறம் பவுனாம்பாள்.
நகக்கண்ணில் குறுவைச் சேறு.
மைக்கைப் பார்த்ததும்
அரை அடி தள்ளி நின்றார்,
அதுவும் சரியான தூரம்தான்.

அறிவிப்பாளர் தமிழ்ச்சுடர் கையில் படிவம்.
பாடல் எழுதியவர் என்று
ஒரு கோடு.
"எழுதலீங்க. நட்டுக்கிட்டே வந்துச்சு."
"சரி, கட்டினது யாரு?"
"மொத அடி காத்தாயி.
நாத்துக்கட்ட மூஞ்சியிலயே வீசுனவனத் திட்டினது.
ரெண்டாவது விசயா, அட்டை கடிச்சப்ப.
விசயான்னா குட்டை விசயா.
நெட்டை விசயா சேத்தது கடைசியில வரும்."
சிந்தாமணி, தையல்நாயகி, பூமயில்...
கோடு தீர்ந்தது. ஓரம் தீர்ந்தது.
என் பில் புக்கைக் கேட்டு வாங்கினார் தமிழ்ச்சுடர்.
கூட்டத்திலிருந்து ஒரு குரல்:
"ஏன்க்கா, அந்த 'ஏலே' நான்தானே போட்டேன்?"
"ஆமா, அவளையும் எழுதுங்க. ஏலே மட்டும்."

பாட்டு நான்கு நிமிடம்தான்.
பின்னால் பின்னால் எட்டு வைக்கிற தாளம்;
மேடை சிறியது,
பாதியில் திரைச்சீலையில் முட்டி நின்று பாடினார்.
நடுவில் ஒரு வரி யாருக்கும் புரியவில்லை.
அதைப் பாடும்போது மட்டும்
கண்ணை மூடி, கைகூப்பி.

"அது அடுத்த வயல்ல வங்காளத்துப் பயலுவ பாடினது.
காலுக்குச் சரியா இருந்துச்சு, எடுத்துக்கிட்டோம்.
அவன் பேரும் போடணும். சுபல்."

சுபல் கடைசி வரிசையில் இருந்தான்.
நான்கு பேர் தள்ளி எழுப்பினார்கள்.
என்ன அர்த்தம் என்று தமிழ்ச்சுடர் கேட்க,
தலையைச் சொறிந்தான், தரையைப் பார்த்தான்.
"சோறு எப்ப வரும்," என்றான்.
"வரும்ப்பா, அர்த்தத்தைச் சொல்லு."
"அதான். சோறு எப்ப வரும்."

மண்டபம் ஒரு நிமிடம் கழித்துத்தான் சிரித்தது.
பவுனாம்பாள் வாயில் கை வைத்தார்:
"அய்யய்யோ, சாமி பேருன்னு நெனச்சுல்ல
கும்புட்டுக்கிட்டு இருந்தேன்."
கொஞ்சம் யோசித்தார்.
"இருக்கட்டும். தப்பில்ல."

கீழே பந்தியில் எலுமிச்சைச் சாதம்.
மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.
இலை போடுகிற சத்தம்,
தண்ணீர் கேட்கிற சத்தம் எல்லாம் மேலே வந்தது.
யாரோ அந்த வரியை முனகினார்கள்,
இரண்டாவது தடவை ஊறுகாய் கேட்கிறபோது.
உச்சரிப்பு தப்பு. தாளம் சரி.

பில் புக்கில் பதிமூன்று பேர் இருக்கிறார்கள்.
வாடகைக் கணக்கு எழுத
அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியதாயிற்று.