நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

முதலில் செருப்புதான் சொன்னது.
மொகேரில், ஸ்ட்ராபெரிக் கூடாரத்தின் பிளாஸ்டிக் வெக்கைக்குள்,
பதினேழாவது வரிசை முடிந்து
எழுந்து நடந்த மஹ்ஜூபாவோடு
வலது செருப்பு வரவில்லை.
திரும்பிப் போய் மாட்டினாள். மறுபடி கழன்றது.
மூன்றாம் முறை பாதம்
ஈரத்துணிபோல் சப்பென்று தரையில் விழுந்தது.

வலி இல்லை. அதுதான் விளங்கவில்லை.
முதுகு வலிக்கும், இடுப்பு வலிக்கும்,
அவை வாயுள்ள உறுப்புகள்.
இது சொல்லாமல் வேலையை விட்டுப் போயிருக்கிறது.

மேஸ்திரி எவரிஸ்தோ கடிகாரத்தைப் பார்த்தான்:
“காலை இழுக்கிறாய்.”
ஆமாம் என்றாள்.
உண்மையைத்தானே சொன்னான்.

உவெல்வா மருத்துவமனையில்
டாக்டர் ரெமெதியோஸ் தாளில் வரைந்தாள்:
தொடையின் பின்புறமாக இறங்குகிறது
சுண்டுவிரல் தடிமனில் ஒரு நரம்பு.
முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகிறது.
ஒன்று கெண்டைத் தசைக்கு அடியில்
ஆழத்தில், பத்திரமாகப் போகிறது.
மற்றது வெளிப்பக்கம் ஒதுங்கி
ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றி வளைகிறது.
அந்த இடத்தில் அதற்குப் போர்வை தோல் மட்டும்.
பாதத்தைத் தூக்கும் தசைகளுக்கெல்லாம்
அந்த வழியாகத்தான் உத்தரவு போகவேண்டும்.

“எப்படி உட்காருவாய்?”

நாற்காலியை விட்டு இறங்கி
ஆஸ்பத்திரித் தரையில் குந்திக் காட்டினாள்.
கைகள் தாமாகவே இலை விலக்கிப் பழம் தேடின.
மொழிபெயர்க்க வந்த பெண் சிரித்தாள்,
பிறகு சிரிப்பதை நிறுத்தினாள்.

நாளைக்கு ஆறரை மணி நேரம்.
மடிந்த முழங்காலில் நரம்பு இழுபட்டு
எலும்பில் அழுந்தும், என்றாள் டாக்டர்.
மஹ்ஜூபா தலையசைத்தாள்:
சொட்டுநீர்க் குழாய்மேல்
யாராவது பழப்பெட்டியை வைத்துவிட்டால்
அந்த வரிசை மட்டும் வாடும்.
இதை மொழிபெயர்த்துக் கேட்டதும்
டாக்டர் பேனாவை மூடினாள்.

ஊசி முன்னங்கால் தசைக்குள் போனது.
“தூக்கு.”
தூக்கினாள்; புருவம் உயர்ந்தது, தோள் உயர்ந்தது.
திரையில் ஒற்றைப் புல்கூட முளைக்கவில்லை.
“நுனிக்காலில் நில்.”
நின்றாள், அசையாமல்.
கெண்டைக்கு ஒரு குறையும் இல்லை.
மண்ணை உதைக்க முடிகிறது,
மண்ணை விட்டு எழத்தான் முடியவில்லை.

அறுந்த இழை மறுபடி வளரும்,
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்.
இங்கிருந்து இதுவரை பதினோரு சென்டிமீட்டர் என்று
டேப்பை வைத்துக் காட்டினாள் டாக்டர்.
மஹ்ஜூபா விரல்விட்டு எண்ணினாள்:
ஏப்ரல், மே, ஜூன் எட்டாம் தேதி ஒப்பந்தம் முடிகிறது.
ஜூலை. ஆகஸ்ட்.
நரம்பு ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை.

அன்றிரவு தகரக் குடியிருப்பில்
ஒன்பது பெண்கள் கட்டிலில் கால் நீட்டி
பாதத்தின் மேல்தோலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்கள்.
“எனக்குப் பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே
ஒன்றுமே தெரியவில்லை,” என்றாள் தௌதா.
யாரும் பேசவில்லை.
காலையில் ஒன்பது பேரும்
காலிப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பறித்தார்கள்.
பெட்டி பழத்துக்கு, என்று கத்தினான் எவரிஸ்தோ.
இரண்டு நாள் கத்தினான்.
மூன்றாம் நாள் பெட்டிக்கு வாடகை பிடித்தான்.

அல்ஹெசிராஸ் துறைமுகத்தில்
கப்பல் படிகளில் முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி
கொக்குபோல் ஏறினாள்.
தோலுக்கடியில் அது ஐம்பதாவது மில்லிமீட்டரில் இருந்தது.
அது கடல் தாண்டியது யாருக்கும் தெரியாது.
பாஸ்போர்ட்டில் முத்திரை ஒருத்திக்குத்தான்.

கெனிஃப்ராவில் ஆகஸ்ட் மாதப் பிற்பகல்.
மாவு பிசைந்த கையோடு
நீட்டிய காலைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.
பெருவிரல் ஒரு பருப்பு உயரத்துக்கு எழுந்தது.
ஈயாக இருக்கும் என்று நினைத்தாள்.
ஈ இல்லை.

உள்ளே ஃபோன் அடித்தது.
அடுத்த பருவத்துக்குப் பெயர் எழுதும் ஏஜென்ட்.
அடிக்கட்டும்.
தூக்கு, என்றாள் மஹ்ஜூபா
தன் காலிடம், தன் மொழியில்.