கைப்பிடி

ஐந்து பேர் நடுவர் குழுவில் நான் ஐந்தாவது ஆள்.
துறைமுக வானொலியில் வானிலை வாசிப்பவன்.
நாடகம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
இருட்டில் இருமக்கூடாது என்பதுதான்.

அந்தக் குளிர்காலம் ரியேக்காவில்
முப்பத்தொரு புதுமுகங்களைப் பார்த்தோம்.
ஒருவன் அரசனாக வந்து
தன் காலணி நாடாவையே மிதித்தான்.
ஒருத்தி, அழவேண்டிய கட்டம் வருமுன்பே
அழுது தீர்த்துவிட்டாள்.
இன்னொருவன் மிக நன்றாக நடித்தான்;
தெருவுக்கு வந்ததும்
அவன் முகம் ஞாபகத்தில் இல்லை.

டிஹானா கிர்பாத்ஸ் எங்கள் பட்டியலிலேயே இல்லை.
பகலில் படகுத்துறைக் கவுண்டரில் சீட்டுக் கிழிப்பவள்.
வேடம், பணிப்பெண்.
வசனம் மூன்று வரி:
கடிதம் வந்திருக்கிறது, அம்மா.
மழை நின்றுவிட்டது.
நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.

போனாள்.
கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது.

வெளியே புராக் காற்று
தகரக் கூரையை உரித்துக்கொண்டிருந்தது.
உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை.
அவள் கைப்பிடியைப் பார்த்தாள்,
இருபது வருடச் சம்பளம்
இவ்வளவுதானா என்பதுபோல.
முன்றானைத் துணியில் துடைத்தாள்.
பைக்குள் போட்டுக்கொண்டாள்.
பிறகு
உள்ளே நின்றபடியே கதவைத் தட்டினாள்.

வெளியே நின்ற விருந்தாளி நடிகன்
குழம்பிப்போய்ச் சொன்னான்:
உள்ளே வாருங்கள்.

காக்கை உட்காரப் பழம் விழுந்தது,
இதற்கு விருதா என்றார் நெவென்கா.
விழுந்த பழத்தைப் பிடித்தாளே,
அதுவும் காக்கையா என்றார் மரியான்.
இரண்டுக்கு இரண்டு.
என் கை மூன்றாவதாக உயர்ந்தது.
திறமையைக் கண்டுகொண்டேன் என்று
இப்போது சொல்லிக்கொள்ளலாம்.
பாலத்தை மூடுவதற்குள்
தீவுக்குப் போய்ச் சேரவேண்டியிருந்தது எனக்கு.

முஷ்டி அளவு கண்ணாடிக் கட்டி ஒன்று,
நானூறு யூரோ.
புதுமுகம் என்று மேடையில் அழைத்தார்கள்.
அந்த முகத்திடம்தான்
கூட்டத்தில் பாதிப் பேர்
வருடக்கணக்காய் ராப் தீவுக்குச் சீட்டு வாங்கியவர்கள்.
குட்டைத் திருகாணி போட்ட
தச்சர் ஸ்வானேவுக்கு நன்றி என்றாள்.
அரங்கம் சிரித்தது.
ஸ்வானே சிரிக்கவில்லை.

மறுவாரத்திலிருந்து
கைப்பிடி கழல்வதைப் பார்க்கவே கூட்டம்.
இரவுதோறும் திருகாணியைத் தளர்த்தி வை என்று
இயக்குநர் உத்தரவு.
கழன்றது. துடைத்தாள். தட்டினாள்.
எட்டு மணி ஐம்பத்திரண்டுக்குச் சிரிப்பு,
ரயில் அட்டவணை மாதிரி.
கவுண்டருக்குப் பின்னால்
அவள் விரல்கள் சீட்டுக் கிழிக்கும் வேகமும்
அதேதான்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை
சொந்தக் காசில் போனேன்.
ஸ்வானே அன்று நீளத் திருகாணி போட்டு
இறுக்கி முடுக்கியிருந்தார்.
கோபமா, மனசாட்சியா,
யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இழுத்தாள்.
கைப்பிடி வரவில்லை.
கதவு திறந்துகொண்டது,
கதவுகள் திறப்பதுபோல.

வாசலில் விருந்தாளி, நனைந்த குடையோடு.
மூன்று வரியும் தீர்ந்துவிட்டது அவளிடம்.
துடைக்கவும் கையில் ஒன்றுமில்லை.
அவனைத் தாண்டி வெளியே பார்த்தாள்.
என் ஓர இருக்கையிலிருந்து தெரிந்தது,
அங்கே ஒரு மணல் வாளியும்
மடித்த ஏணியும்தான்.
பதினொரு நொடி. நான் எண்ணினேன்,
நொடி எண்ணுவது என் பிழைப்பு.

அந்தக் குடை அவள் கண்ணில் பட்டது.
திரும்பிச் சொன்னாள்:
நான் சொன்னது தப்பு, அம்மா.
மழை நிற்கவில்லை.

அறுபது இரவுகளாய்க் கடிதத்திலேயே
கண்ணை வைத்திருந்த மூத்த நடிகை
முதல் தடவையாக
பணிப்பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள்.

நடுவர்கள் யாரும் வராத இரவு அது.
பாதி நாற்காலிகள் காலி.
யாரோ இருமினார்கள்.
நான்தான்.